தூண் இல்லாத கூடம்

கட்டடத்துக்கு ஒரே ஒரு பிளான்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை ஐயா. நீங்களும் வந்ததும் வராததுமாக "பிளானை எடு" என்றீர்கள். எந்தப் பிளான் என்று நான் கேட்டதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள், அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

நான் ஆர்க்கிடெக்ட். என் படம் கட்டடம் எப்படி இருக்கும் என்று காட்டும்: கூடம், ஜன்னல், வெளிச்சம் விழும் மூலை. ஸ்ட்ரக்சுரல் படம் வேறு. எது எதைத் தாங்குகிறது, எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி என்பதெல்லாம் அதில் இருக்கும். கரண்டுக்கு ஒரு படம், குழாய்க்கு ஒரு படம். வேலை முடிந்த பிறகு, உண்மையில் கட்டியது என்ன என்று காட்ட ஒரு படம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த நூலகத்துக்கு ஸ்ட்ரக்சுரல் படம் போட்டவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். வேலையிடத்தில் அவர் பெயரே 'இன்னும் ரெண்டு கம்பி'. வாசிப்புக் கூடம் தூணே இல்லாமல் விரிந்து கிடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவர் நட்டநடுவில் ஒரு தூணை வைத்தார். கல்யாணப் போட்டோவில் குறுக்கே வந்து நிற்கும் தூரத்து உறவினர் மாதிரி இருந்தது அது.

எடுக்கச் சொன்னேன். மனைவியை விட்டும் சொல்ல வைத்தேன். மனுஷன் மசியவில்லை.

"அழகு உங்க பொறுப்பு மாப்பிள்ளை. உயிர் என் பொறுப்பு."

என் உதவியாளர்கள் முன்னாலேயே சொன்னார். அதை நான் மறக்கவில்லை. சிரித்துக்கொண்டேன்.

எல்லாப் படங்களும் என் அலுவலகம் வழியாகத்தான் வேலையிடத்துக்குப் போகும். ஸ்ட்ரக்சுரல் படத்தில் தூணைக் குறிக்கும் அந்தச் சின்னச் சதுரத்தை மட்டும் அழித்தேன். என் படத்தில் தூணை வரைந்து வைத்தேன். தூண் எங்கே என்று மேஸ்திரி என் படத்தைப் பார்க்கப்போவதில்லை. மச்சானோ முதுகுவலியில் மாதக்கணக்காகப் படுத்த படுக்கை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்கும்போதெல்லாம் அவருக்கு என் படத்தைத்தான் அனுப்பினேன். தூணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

கூடத்தின் மேல்தளம் காயும்வரை தாங்கக் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்த அன்று மேஸ்திரி போன் செய்தார். நடுவில் விரிசல் ஓடுகிறதாம், ஆட்களை எல்லாம் பின்பக்கமாக வெளியேற்றிவிட்டாராம். நல்ல காரியம் என்றேன். பொறுப்பான மனிதர்.

அடுத்த போன் மச்சானிடமிருந்து. எழுந்து நடமாட ஆரம்பித்தவர் முதல் வேலையாக அங்கேதான் போயிருக்கிறார். முன்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, தூணைக் காணோமே?"

"வாசல்ல நின்னா எப்படித் தெரியும் மச்சான்? நடுவுல போய்ப் பாருங்க."

போனார். போனை வைக்காமலே போனார், பாவம். தூண் இருக்க வேண்டிய இடத்தில்தான், இடிந்து விழுந்த தளத்துக்கு அடியிலிருந்து அவரை எடுத்ததாக நீங்களே சொன்னீர்கள்.

அண்ணனை உள்ளே போகச் சொன்னது யார் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: நான்தான். விரிசல் தெரிந்துதான் சொன்னேன்.

இதோ, நீங்கள் கேட்ட கடைசிப் படம். உண்மையில் கட்டியதை உள்ளபடி போட்டிருக்கிறேன், இதில் தூண் கிடையாது. பக்கத்தில் என் பழைய படத்தையும் வைத்துப் பாருங்கள். தூண் நடுவிலேயே நிற்கிறது. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் என் படத்தில் ஒரு கோடுகூடத் தப்பில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.