தன்னை அறிந்த தலைவர்

இந்த வருடம் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கொஞ்சம் குறைவு. மற்றபடி நம் அலுவலகத்தில் ஆயுதபூஜை நன்றாகவே நடந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், சிந்தியா மேடம். எச்.ஆர். விசாரணை என்றாலும் நல்லதையும் சொல்ல வேண்டுமே.

என் பெயர் கோதண்டராமன், டீம் லீடர். போன மாதம் நீங்கள் ஏற்பாடு செய்த வகுப்பில், வீட்டிலும் வேலையிலும் சிக்கல் என்றால் முதலில் உன்னையே பார் என்றார்கள். பார்த்தேன். குறை ஒன்றும் தென்படவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி உஷாவிடம் அதைச் சொன்னேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. பெருமையில் வாயடைத்துப் போயிருப்பாள்.

பிறகு 'தன்னை அறிந்த தலைவர்' விருதை அறிவித்தீர்கள். டீமே அவரவர் லேப்டாப்பிலிருந்து ஓட்டுப் போட வேண்டும், ஜெயிப்பவர்தான் இனி டீமை நடத்துவார். எனக்குப் போட்டி சௌம்யா. எல்லோரும் அவளிடம் சிரித்துப் பேசுவார்கள், என்னைக் கண்டால் கலைந்துவிடுவார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள். மனதில் இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒருவர் கைகொடுக்க வேண்டாமா?

ஓட்டுப்பதிவு பூஜையன்றே வந்தது. சாமிக்கு வைத்ததை மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். அத்தனை ஓட்டும் வீணாகிவிடுமே என்று கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான். லேப்டாப்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் திறந்தே வைக்கச் சொன்னேன். டீம் பையன் கிஷோர் தன்னுடையதை லாக் செய்யப் போனான்.

"சாமி முன்னாடி பூட்டி வைக்கக் கூடாதுப்பா. வித்தை தங்காது."

"ஹௌதா சார்?" என்று கன்னடத்தில் 'அப்படியா' கேட்டுவிட்டு, பூட்டாமல் அப்படியே விட்டுவிட்டான்.

எல்லோரும் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனார்கள். நான் பொட்டு வைக்கத் தங்கினேன். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு, எனக்கு ஒரு ஓட்டு. சௌம்யாவின் லேப்டாப்பிலிருந்தும்தான், அவள் பெருந்தன்மையான பெண். எல்லா என்டர் பட்டனிலும் குங்குமம் இருந்ததை நீங்கள் கவனித்தது கெட்டிக்காரத்தனம். ஆமாம், நான்தான் செய்தேன்.

என் லேப்டாப்பிலிருந்து மட்டும் சௌம்யாவுக்குப் போட்டேன். தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அசிங்கமில்லையா?

நேற்று உஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம் மேடையில எதுக்குங்க அழுதீங்க?"

அது நடிப்பில்லை, மேடம். முடிவை வாசித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் என்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.