வாசலில் நிற்கும் லாரி

ஹேவோன்: "ஓசி விளையாட்டுல காசு கட்டறது யாரு?" இன்டர்வியூல நீங்க கேட்ட முதல் கேள்வி சார். ஞாபகம் இருக்கா?

தேஷிக்: இப்ப எதுக்கு அது...

ஹேவோன்: "தோக்கப் பிடிக்காதவன்"னேன். சிரிச்சீங்க. வேலை குடுத்தீங்க.

தேஷிக்: பேச்சை மாத்தாதே ஹேவோன். ஜன்னல் வழியா எட்டிப் பாரு. காலையிலேர்ந்து அந்த லாரி நம்ம வாசல்லயே நிக்குது. பான்க்யோ ஏரியாவே வேடிக்கை பாக்குது.

ஹேவோன்: முதுகுல எவ்ளோ பெரிய திரை! நம்ம ஆன்லைன் கேம் ஆடறவங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு எதிர்ப்பு லாரி அனுப்பியிருக்காங்க. போன வருஷம் எதிர்க் கம்பெனிக்கு வந்தப்போ நாமளும்தானே காபியோட நின்னு பாத்தோம்?

தேஷிக்: என்ன ஓடுதுன்னு படிச்சியா?

ஹேவோன்: "சந்தாவைத் தூக்காதே. நாங்க மாசக்கணக்கா சண்டை போட்டு வாங்கின நிலா வாள் உனக்குத் தூண்டிலா?" நல்லாத்தான் எழுதியிருக்கான்.

தேஷிக்: அங்கதான் வினை. சந்தாவைத் தூக்கிட்டு ஆட்டத்தை ஓசியா விடப்போறோம், வாளைக் காசு கட்டித் திறக்கற அதிர்ஷ்டப் பெட்டியில வெச்சு விக்கப்போறோம்... இது இன்னும் வெளியவே போகல. வாளைத் "தூண்டில்"னு சொன்னது டைரக்டர். அப்ப ரூம்ல மூணே பேர்.

ஹேவோன்: அவர், நீங்க, நான்.

தேஷிக்: அவர் தன் வாசலுக்கே லாரி அனுப்புவாரா? மதியம் உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். மன்னிப்புக் கேட்டுரு. வேலையாவது தப்பிக்கும்.

ஹேவோன்: செய்யாததுக்கா?

தேஷிக்: அன்னைக்குக் கத்தினது நீதானே!

ஹேவோன்: கத்தினேன். சந்தா இருந்தா டாக்டரும் டெலிவரி ஆளும் ஒரே வரிசையில நிப்பாங்க. பெட்டி வந்தா பணக்காரன் வெட்ட வருவான், மத்தவன் வெட்டுப்பட வருவான்னேன்.

தேஷிக்: ஓசின்னா ஸ்கூல் பசங்க வருவாங்க, கூட்டம் சேரும்...

ஹேவோன்: சேரட்டுமே! தொப்பி வில்லுங்க, குதிரை வாலுக்குக் கலர் வில்லுங்க. வாளை மட்டும் விக்காதீங்கன்னேன். டைரக்டர் மூஞ்சிக்கு நேரா. அப்படிச் சொன்னவளுக்கு லாரி எதுக்கு சார்?

தேஷிக்: அப்ப வேற யாரு?

ஹேவோன்: ரூம்ல வாயைத் திறக்க முடியாதவன்தான் லாரி பிடிப்பான்.

தேஷிக்: யா... யாரைச் சொல்றே?

ஹேவோன்: ஆபீஸ்ல எல்லாருக்கும் ஆட்டம் இலவசம். நீங்க மட்டும் கைக்காசுல சந்தா கட்டறீங்க. விருந்துல ரெண்டு கிளாஸ் சோஜு உள்ள போனதும் நீங்களே சொன்னீங்க... "கட்டினாத்தான் கேம்ல என் படைப் பசங்களோட சமமா நிக்கற மாதிரி இருக்கு"ன்னு.

தேஷிக்: மெதுவாப் பேசும்மா... ரெண்டு பொண்ணுங்க படிக்குது எனக்கு. அந்தப் பசங்க எட்டு வருஷமா என்னை அண்ணான்னு கூப்பிடறாங்க. என்ன பண்ணச் சொல்றே?

ஹேவோன்: நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா மன்னிப்பு மட்டும் என்கிட்டேர்ந்து வராது... என்ன சார், எழுந்துட்டீங்க? ஏதாவது சொல்லிட்டுப் போங்க... சார், லிஃப்ட் இந்தப் பக்கம். அது டைரக்டர் ரூம்!