ஹெட்மாஸ்டரையும் குளிப்பாட்டினாங்களா?

இங்கிலீஷ் பாடம் எடுக்கிற டீச்சர்களே... மேல போறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைக் கேட்டுடுங்க.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். நாலாங்கிளாஸ் டீச்சர் பேரு மும்தாஜ். அவங்க வகுப்புல வேதவல்லின்னு ஒரு பொண்ணு. இங்கிலீஷ்னா அவளுக்கு உயிரு. புதுசா கமா வைக்கக் கத்துக்கிட்டா... ஆசையில வார்த்தைக்கு வார்த்தை கமா வெச்சா. டீச்சர் என்ன பண்ணாங்க? சிவப்பு மையில அத்தனைக்கும் வட்டம் போட்டாங்க. முப்பத்தொரு வட்டம்! அன்னையிலேருந்து அவ கமா வைக்கிறதையே விட்டுட்டா.

ஒரு நாள் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். வேதவல்லியை போர்டுக்குக் கூப்பிட்டார். "நேத்து இங்க என்ன நடந்துச்சு? இங்கிலீஷ்ல எழுதும்மா."

முந்தின நாள் சேத்துல விழுந்த ஒரு ஆட்டைப் பிள்ளைங்க பைப்படியில குளிப்பாட்டினாங்க. அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் வந்துட்டார். அதைத்தான் எழுதினா... "வீ வாஷ்டு தி கோட் அண்ட் தி ஹெட்மாஸ்டர் கேம்."

அதிகாரி சத்தமா வாசிச்சார். "வீ வாஷ்டு... தி கோட் அண்ட் தி ஹெட்மாஸ்டர்..." அங்கேயே நின்னுட்டார். ஆட்டையும் ஹெட்மாஸ்டரையும் குளிப்பாட்டினோம்! மெதுவா ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"உங்களையுமா சார்?"

ஹெட்மாஸ்டர் சிரிக்கவே இல்ல. "இல்லீங்க ஐயா. நான் வீட்டுலயே குளிச்சிட்டு வந்துடுவேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இந்தப் பொண்ணுக்கு வாக்கியம் எழுத வரலைன்னு குறிக்கப் போறார். வேதவல்லி கண்ணுல தண்ணி.

மும்தாஜ் டீச்சர் எழுந்தாங்க. "எழுதாதீங்க சார். தப்பு என் மேல. அவ கமா வெச்சிட்டுதான் இருந்தா... நான்தான் பயமுறுத்தி நிறுத்திட்டேன்." அப்புறம் அவகிட்ட, "கண்ணு, இதுல எத்தனை சேதி இருக்கு?"

"ரெண்டு டீச்சர். நாங்க ஆட்டைக் குளிப்பாட்டினது ஒண்ணு. ஹெட்மாஸ்டர் சார் வந்தது ஒண்ணு."

"ரெண்டையும் எது சேர்க்குது?"

"அண்ட்."

"அப்ப கமா எங்க வரும்?"

சாக்பீஸை எடுத்தா. 'கோட்' முடிஞ்ச இடத்துல, அண்டுக்கு முன்னாடி, ஒரே ஒரு கமா வெச்சா.

அதிகாரி மறுபடி வாசிச்சார். இந்தத் தடவை ஆடு மட்டும் குளிச்சுச்சு. ஹெட்மாஸ்டர் சும்மா வந்தார். அதிகாரி பேனாவை மூடிட்டார்.

இதை உங்ககிட்ட ஏன் சொல்றேன்? தனித்தனியா நிக்கக்கூடிய ரெண்டு வாக்கியத்தை 'அண்ட்', 'பட்' மாதிரி ஒரு வார்த்தையால சேர்த்தா, அதுக்கு முன்னாடி ஒரு கமா... இந்த விதியை அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் குடுத்துடலாம். ஆனா ஒரு பிள்ளை பயந்து நிறுத்திடுச்சுன்னா, மறுபடி அதை எழுத வைக்க எத்தனை வருஷம் ஆகும்? சொல்லுங்க! அதிகமா வெச்ச கமாவை அழிச்சிடலாங்க... பயத்துல வைக்காம விட்ட கமாவை எங்க போய்த் தேடுவீங்க?