பதிலுக்கு விட்ட இடம்

துபாயின் ஜெபல் அலியில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நாட்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் என் முன்னிருக்கை இளைஞன், ஊரிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட்டைப் போட்டான்.

"ஏலே முருகா, சாப்பிட்டியா?" கேட்டுவிட்டுக் குரல் நின்றது.

"சாப்பிட்டேம்ப்பா."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "டேப்புக்கா பதில் சொல்றே?"

"பதிலுக்கு இடம் விட்டுல்லா பேசுதாரு, அண்ணாச்சி. சும்மா இருந்தா பாவமா இருக்கு."

டேப்பில் அப்பா தொடர்ந்தார். "தங்கச்சிக்கு ஆம்பளப்புள்ள. உன் மூக்குதாம்லே. உன் காலேஜு ஃபுட்பால் ஃபைனல்ல ஜெயிச்சிட்டு! நீ ஆடுன லெஃப்ட் அவுட்ல இப்ப ஒரு குட்டைப் பய. நல்லா ஓடுதான், ஆனா உன்னய மாதிரி வெட்டித் திரும்பத் தெரியல. கோல் போஸ்டுக்குப் பின்னால துண்ட விரிச்சு உக்காந்து பாத்தேன். அடுத்த வருஷம் மேட்சுக்கு வந்துருவியாலே?"

வெளியே மணல் ஓடியது. உள்ளே டேப் மட்டும் உரசிக்கொண்டிருந்தது. இம்முறை அப்பா நிறையவே இடம் விட்டிருந்தார்.

"சொல்லுப்பா," என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு வருஷத்துக்கு லீவு மாஃபி, கிடையாதுன்னுட்டான் கம்பெனிக்காரன். அத அவருகிட்ட எப்படிச் சொல்ல?"

"சரி, சரி," என்றது அப்பாவின் குரல். "அவசரமில்லலே. துண்ட கொஞ்சம் அகலமாவே விரிச்சு வைக்கேன்."