திங்கட்கிழமைப் பாவம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் நான் வேலைக்குப் போவதில்லை. நான் தங்கியிருக்கிற தம்பானூரிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் கத்தோலிக்கக் கோயில். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அப்பமாகத் தருகிற நன்மை வாங்கிய பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

என் பெயர் சத்தியதாஸ். கான்கிரீட் தட்டுக்கு, அதாவது மேல்தளத்துக்கு, சென்ட்ரிங் பலகை அடிக்கிற மேஸ்திரி. போன வருடம் ஒரு தட்டை அடியில் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளை ஆறாம் நாளே கழற்றச் சொன்னேன். பழவங்காடியில் அடுத்த வேலைக்கு முட்டு போதவில்லை. என்னிடம் வேலை பார்த்த வேல்சாமி தயங்கினான். "மேஸ்திரி, இன்னும் ஈரம் காயலியே."

"சொன்னதச் செய்டே," என்றேன்.

செய்தான். தட்டு இடிந்து இறங்கிவிட்டது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த பிஜு அங்கேயே செத்துப்போனான். இருபத்துமூன்று வயது.

வேல்சாமி குடித்துவிட்டுத் தானாகவே கழற்றினான் என்று போலீஸிடம் சொன்னேன். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவனுக்குப் பிள்ளை இல்லை. ஜாமீனுக்கு ஆளில்லாமல் ஜெயிலில் கிடக்கிறான். எனக்கு வேதனை இல்லை என்று நினைக்காதீர்கள். சோறு இறங்குவதில்லை. சல்லடைச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கமே போவதில்லை.

வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். நேற்று வேல்சாமியின் மனைவி மாடம்மாள் வந்தாள். "அண்ணாச்சி, நீங்க உள்ளதச் சொன்னா அவிய வீட்டுக்கு வந்திருவாவ," என்று அழுதாள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வருடமாகச் சாமியாரிடம் 'பொய் சொன்னேன்' என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவந்தேன். இன்று காலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திங்கட்கிழமை சொல்லப்போகிற பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் ஒன்றாக மன்னிப்பு வாங்கிவிட்டால் நிம்மதியாகக் கூண்டில் ஏறலாம் என்று நினைத்தேன்.

சாமியார் மலையாளி. "சத்தியதாசே, செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு இல்ல கேட்டோ. அதச் செய்யாம இருந்தா மதி, அது போதும்," என்றார். பாவப்பொறுத்தல் தராமலே அனுப்பிவிட்டார்.

கோயில் வாசலில் நின்று அழுதேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயம்தான். எதற்கும் ஒரு முறை இருக்கிறதே. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். முதலில் சாட்சி சொல்லிவிடுகிறேன். அப்புறம் நேரே வந்து மண்டியிடுகிறேன். மனம் வருந்தி வருகிறவனை ஆண்டவர் தள்ளுவதில்லை.

வேல்சாமிக்காகவும் தினம் ஜெபிக்கிறேன், என்னை மன்னிக்கிற நல்ல மனம் அவனுக்கு வர வேண்டும் என்று.