ஒரு நகத்துக்காக மீன் குழம்பு

சிங்கப்பூரில், பிடோக்கிலிருந்து லிட்டில் இந்தியா போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக் கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது.

"போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மீன் குடுத்துட்டேன்டா, ஒரு நகத்துக்காக."

"என்னக்கா சொல்ற?"

"கட்டைவிரல் நகம் சதைக்குள்ள இறங்குது. சுகர் வேற. புண்ணானா விரலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. முதியோர் இல்லத்துக்கு நகம் வெட்டுற நர்ஸ் வெள்ளிக்கிழமைதான் வராங்க. இவரோ, வெள்ளிக்கிழமை நகம் வெட்டினா லட்சுமி போயிடுவான்னு காலை இழுத்துக்கிறாரு. மூணு வாரமா இதே கதை லா."

"அதுக்கு மீனா?"

"வெள்ளின்னா சைவம்தானே சாப்பிடுவாரு? மீன் குழம்பைக் கொண்டுபோய், இன்னிக்கு வியாழக்கிழமைப்பான்னு சொன்னேன். ரசிச்சு சாப்பிட்டுட்டு நர்ஸ்கிட்ட காலை நீட்டிட்டாரு."

"நம்பிட்டாரா!"

"எங்க? பத்து நகமும் வெட்டி முடிச்சதும், 'அடுத்த வெள்ளியும் வியாழக்கிழமையா இருக்கட்டும்மா, புளி மட்டும் கொஞ்சம் தூக்கலா போடு'ங்கிறாரு."

இருவரும் சிரித்தார்கள். நான் மெல்ல என் செருப்புக் கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். என் நகங்களுக்கு வாரத்தில் ஏழு நாளும் வெள்ளிக்கிழமை.