கண்ணுசாமி குடிக்கல

அலோ... அலோ, அண்ணனா? அம்சம் பேசுறேன், தஞ்சாவூரு ஆஸ்பத்திரியிலேர்ந்து. பக்கத்துப் படுக்கைக்காரவுங்க செல்லு இது... ஆமாண்ணே, ஆமா, ஸ்கேன் வந்துடுச்சு... இருங்க, சொல்ல வுடுங்க. உங்க மச்சான் குடிக்கல. குடிக்கவே இல்ல...

கழுத்துண்ணே. கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்குற தட்டு பிதுங்கி, தண்டுவடத்த நசுக்குதாம். அதான் கை மரத்துச்சு, காலு தடுமாறுச்சு... ஆமா, வரப்புலேர்ந்து வுழுந்தாரே, அதுவுந்தான்...

சாராய வாடையா? கழுத்து வலிக்கு வைத்தியர் குடுத்த அரிஷ்டம்ணே அது! வெவசாய சங்கத்துல அத்தன பேரு முன்னாடி வாய ஊதச் சொன்னீங்களே, அப்பவும் அதத்தான சொன்னாரு... சரி, சரி. உங்கள மட்டும் சொல்லல. எங்கிட்டயுந்தான் சொன்னாரு. பழைய குடிகாரரு, சாக்கு சொல்றாருன்னு நெனச்சேன். மூணு மாசமா மொகங்குடுத்துப் பேசலண்ணே. கையிலேர்ந்து டம்ளரு நழுவுனப்ப... வெளக்குமாத்த எடுத்தேன். பாவி நான்...

அழுவல. சொல்லுங்க... ஆமா, நாளைக்குக் காலையில ஆபரேஷன். பண்ணலன்னா படுத்த படுக்கைதானாம். பண்ணுனாலும் போன தெம்பு திரும்புமான்னு டாக்டரு அடிச்சுச் சொல்ல மாட்டேங்குறாரு. முன்னாடியே வந்துருக்கணுங்குறாரு...

அதுக்குத்தான் போன் பண்ணேன். ஒத்துக்க மாட்டேங்குறாருண்ணே... எதுக்கா? கோயில் நெலத்துல கொடிய நட்டு மொத ஏரு பூட்டுனவரு. குத்தகைப் பதிவு கேட்டு லத்தியடி வாங்குனவரு. ‘குடித்துவிட்டு வந்ததால் நீக்கம்’னு சங்கத்து நோட்டுல எழுதுனீங்கல்ல? அத அடிச்சாத்தான் ஆபரேஷனாம்...

நோட்டு அங்கயே இருக்கா?... அடிச்சிட்டீங்களா?... எங்கிட்ட படிக்காதீங்க, அவருகிட்ட படிங்க. இருங்க, காதுல வெக்கிறேன்...

...

ம், கேட்டாரு. கழுத்துல பட்டை போட்டுருக்கு, தலைய ஆட்ட முடியல. கண்ண மூடித் தொறந்தாரு. நர்ஸம்மா, கொண்டாங்க அந்த ஆபரேஷன் சம்மதக் கடுதாசிய... இல்லண்ணே, கையெழுத்து இல்ல. பேனா வெரல்ல நிக்கல. ரேகைதான். நம்ம தெருவுலயே மொதல்ல கையெழுத்துப் போட்ட மனுசன்... கட்ட வெரலயும் நான்தான் புடிச்சு அழுத்துறேன்...

என்னங்க? என்னா சொல்றீங்க?...

ஒண்ணுமில்லண்ணே. எங்கிட்ட கேக்குறாரு. ‘மச்சான் நாலு பேருக்குப் பதில் சொல்ற ஆளு, நம்பல. ஒனக்கென்னாடி வந்துச்சு?’ங்குறாரு... 

வேணாம், நீங்க சொல்லாதீங்க. அவரு என்னையத்தான் பாக்குறாரு. வெச்சிடுறேண்ணே.